அந்த ஊர்ல என்னம்மா இருக்கு

மேகம் இறங்கிக்கொண்டிருக்கிறது. மொட்டைமாடிச் சுவரில் முழங்கைகளை ஊன்றி, போனை இரண்டு கையாலும் பிடித்தபடி நிற்கிறேன். இன்னும் படம் எடுக்கவில்லை. மேற்கே மலையுச்சிக்கு அந்தப் பக்கம், கேரளாவிலிருந்து, வெள்ளை வெள்ளையாக வழிந்து வருகிறது. பால் பொங்கிப் பாத்திர விளிம்பைத் தாண்டுமே, அந்த மாதிரி. இதோ ஊருக்குள் விழுந்துவிடும் என்று பார்த்தால் பாதிச் சரிவிலேயே கரைந்து போகிறது, பின்னாலேயே அடுத்தது எட்டிப் பார்க்கிறது. ஆனி மாதம் முழுக்க இப்படித்தான் என்கிறார்கள், ஆனால் போடியில் யாரும் இதை அண்ணாந்து பார்ப்பதாகத் தெரியவில்லை. வந்த புதிதில் நானும் பார்க்கவில்லை. காஸ் இணைப்பு, தண்ணீர் வருகிற நேரம், நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் யாருக்கு எந்த மாத்திரை, அதிலேயே கண் கிடந்தது. அப்புறம் ஒருநாள் துணி காயப்போட மேலே வந்தவள் பிழிந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டேன், தண்ணீர் சொட்டிக் கால் நனைந்த பிறகுதான் தெரிந்தது. கோவில்பட்டிக் கரிசலில் பிறந்தவளுக்கு வானம் என்றால் தரையைத் தொடுகிற இடம் வரைக்கும் தெரிய வேண்டும். அதற்குப் பிறகு அம்பத்தூர், அங்கே வானமே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோடு முடிந்துபோகும். இங்கே வானத்தில் பாதியை மலை எடுத்துக்கொண்டு நிற்கிறது. அன்றைக்கு ராத்திரியே மகள் தாரிணியிடம் போனில் சொன்னேன், மூணு பக்கமும் மலைடி, நடுவுல உள்ளங்கைல வெச்ச மாதிரி ஊரு, என்று. அவள் ஏதோ மென்றுகொண்டே, "மலை எல்லா எடத்துலயும் இருக்கும்மா. அந்த ஊர்ல என்னம்மா இருக்கு?" என்றாள். கேலியாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதனால்தான் அது முள் மாதிரி முந்தானையில் மாட்டிக்கொண்டு இழுத்துக்கொண்டே இருக்கிறது. அவளுக்குப் பதினைந்து வயது. பத்தாவது முடித்துவிட்டாள். நானும் அவள் அப்பாவும் சண்டை போடாமல், குரலை உயர்த்தாமல், ஒருவருக்கொருவர் நாற்காலி நகர்த்திப் போட்டுக்கொண்டு பிரிந்தோம், பிளஸ் ஒன் எங்கே படிப்பது, யாரோடு இருப்பது என்பதைப் பெண்ணே சொல்லட்டும் என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டோம். யோசிக்கிறேன் என்றவள் நேற்று கூப்பிட்டு, நாளைக்கு மத்தியானத்துக்குள் சொல்லிவிடுகிறேன், அதுக்கு முன்னால் ஊரைப் படமாவது எடுத்து அனுப்பு, பார்க்காமல் எப்படி முடிவு செய்வது என்றாள். நியாயம்தான். அமுக்கினேன். படத்தில் மேகம் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கிறது. வழிகிறதே, அது வரவில்லை.

கீழ்வீட்டு மருமகள் கௌமாரி ஸ்கூட்டரைத் துடைத்து வைத்திருக்கிறாள். மகள் ஊரைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று மட்டும்தான் அவளிடம் சொன்னேன், மீதி எதையும் சொல்லவில்லை. அவள் இங்கேயே பிறந்து இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். அதற்கென்ன, சுற்றிக் காட்டுகிறேன், ஆனால் இங்கே பார்க்க என்ன இருக்கிறது, ஏலக்காய் நாற்றமும் காற்றும்தான் என்று சிரித்தாள். மெட்ராஸில் மெரினாவைத் தவிர வேறென்ன பார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டே வண்டியை ஓட்டுகிறாள், நான் பதில் சொல்வதற்குள் ஏலக்காய் மண்டித் தெரு வந்துவிடுகிறது. மூடியிருக்கிற ஷட்டருக்கு உள்ளேயிருந்தே அந்த வாசனை தெருவை நிரப்பிக்கொண்டு நிற்கிறது, பாயசம் வைத்த வீட்டுக்குள் தெரு முழுக்க நுழைந்துவிட்ட மாதிரி. நாற்றம் என்கிறாளே. இதை எப்படி அனுப்புவது? தாரிணிக்குப் பாயசத்தில் ஏலக்காய் பல்லில் பட்டால் பிடிக்காது, துப்பிவிடுவாள். வாசனை பிடிக்கும், பல்லில் படக்கூடாது. இந்த ஊரும் அவளுக்கு அப்படித்தான் இருக்குமோ. கொட்டக்குடி ஆற்றுத் தடுப்பணையில் வண்டியை நிறுத்தினாள். மலையில் பெய்த முதல் மழை வந்து சேர்ந்திருக்கிறது. செம்மண் கலந்த தண்ணீர், டீ நிறம், தடுப்பணை விளிம்பில் கண்ணாடித் தகடு மாதிரி வளைந்து விழுகிறது, விழுந்த இடத்தில்தான் வெள்ளையாகிறது. ஒரு கொக்கு அந்த விளிம்பிலேயே, ஓடுகிற தண்ணீருக்கு நடுவில், ஒற்றைக்காலில். பின்னால் தென்னை, தென்னைக்குப் பின்னால் மாந்தோப்பின் கரும்பச்சை, அதற்குப் பின்னால் நீலம், அந்த நீலத்துக்குப் பின்னால் அதைவிட வெளிறிய இன்னொரு நீலம். இத்தனையையும் யார் இப்படி அடுக்கி வைத்தது என்று எனக்கு நெஞ்சை அடைக்கிறது. ஆனால் கரையில் இரண்டு பெண்கள் துவைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருவன் மினி லாரியை ஆற்றுக்குள் இறக்கிக் கழுவுகிறான். அவர்கள் நகரட்டும் என்று காத்து நின்றேன். கௌமாரியையும் தள்ளி நிற்கச் சொன்னேன். கல்லில் பிளாஸ்டிக் பைகள் சிக்கிக் கிடந்தன, உட்கார்ந்து, சாய்ந்து, பைகள் தெரியாத மாதிரி ஒரு கோணம் பிடித்தேன். லாரி போனது, பெண்கள் நிமிரவே இல்லை, சரி என்று அவர்களையும் ஓரமாக வெட்டி எடுத்தேன். கொக்கும் தண்ணீரும் மலையும் மட்டும். அழகு. அனுப்பிவிட்டு யோசிக்கிறேன், இதில் பொய் எங்கே இருக்கிறது? இருப்பதைத்தான் எடுத்தேன். இல்லாததைச் சேர்க்கவில்லை. கொஞ்சம் விட்டுவிட்டேன், அவ்வளவுதான். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டில் ஒட்டடை அடிப்பதில்லையா. ஆனால் நான் மகளுக்குப் பெண்ணா காட்டுகிறேன்? படத்துக்கு அடியில் நீலக் கோடு விழவில்லை, அவள் இன்னும் எழுந்திருக்க மாட்டாள்.

மாந்தோப்பு ஓரமாகப் போகிற தார்ச்சாலை. காசா லட்டு, கிளிமூக்கு என்று மாங்காய் வகைகளைக் கௌமாரி முன்னாலிருந்து கத்துகிறாள், காற்று பாதியைத் தின்றுவிடுகிறது. கிளைகள் பழத்தோடு தரைக்கு வந்து கிடக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் மட்டும் கன்னம் சிவந்து. வெயில் இலை இடுக்கில் நுழைந்து தரையில் காசு காசாக ஆடுகிறது. எடுத்தேன். இலவ மரங்களிலிருந்து எப்போதோ வெடித்துப் பறந்த பஞ்சு இன்னும் வேலி முள்ளில் தொங்குகிறது, அதையும் எடுத்தேன். என் விரல் வேகமாகப் போகிறது, எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் ஒரு படம் எடுத்ததில்லை. வீட்டில் கேமரா தாரிணி அப்பா மோகனுடையது. நல்ல கேமரா, நன்றாகவும் எடுப்பார். கொடைக்கானல், ஏற்காடு, ஒகேனக்கல், எங்கே போனாலும், "செண்பகம், கொஞ்சம் தள்ளிக்க, வெளிச்சத்த மறைக்கற" என்பார். கோபமாக இல்லை, வெளிச்சத்தைப் பற்றி மட்டும் நினைத்துக்கொண்டு சொல்வார். நான் தள்ளிக்கொள்வேன். பை, தண்ணீர் பாட்டில், தாரிணியின் ஸ்வெட்டர் எல்லாம் என் கையில். ஆல்பத்தில் அருவி இருக்கும், தாரிணி இருப்பாள். எங்கேயாவது ஓரத்தில் என் முழங்கையும் பையும் இருக்கும். அதற்காகவா பிரிந்தேன்? இல்லை. எதற்காக என்று வக்கீல் கேட்டபோதும் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் உப்பை நகர்த்தச் சொல்வதைத் தவிர எங்களுக்குள் வார்த்தை மிச்சம் இல்லை என்று தெரிந்தது, அது அவருக்கும் தெரிந்தது. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் பயம். காலையில் தோசை வார்த்துக் கொடுத்து, மகளுக்குத் தலை பின்னிவிட்டு, சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுக்கிற அப்பா. கெட்டவராக இருந்தால் இன்றைக்கு இந்தப் போன் பயமாகவே இருக்காது. ரயில்வே ஸ்டேஷனில் நடைமேடைக் கடைசிவரை நடந்தேன். தண்டவாளம் வந்து நின்றுபோகிற ஊர் இது, இதற்கு மேல் ரயிலுக்குப் போக வழி இல்லை, எதிரே மலை. இரண்டு கம்பிகளும் வெயிலில் மின்னிக்கொண்டு வந்து, முட்டுக்கட்டையில் முடிந்து, அதன் மேல் ஒரு மைனா. பின்னால் அவ்வளவு பெரிய மலை. மதுரையிலிருந்து பாடுபட்டு இதைப் பார்க்கத்தான் ஓடி வந்த மாதிரி அந்தத் தண்டவாளம். எடுத்து அனுப்பினேன். அனுப்பின பிறகுதான் உறைத்தது. முடிந்துபோகிற பாதையை ஏன் அனுப்பினேன், இங்கே வந்தால் வழி இல்லை என்று எடுத்துக்கொள்வாளோ. அழித்துவிடலாமா? அதற்குள் நீலக் கோடு விழுந்துவிட்டது. எழுந்துவிட்டாள். பார்க்கிறாள்.

பரமசிவன் கோயில் மலைக்கு ஏறும்போது கௌமாரிக்கு மூச்சு வாங்குகிறது, எனக்கு வாங்கவில்லை. மேலே காற்று தள்ளுகிறது, புடவை கொடி மாதிரி படபடக்கிறது. கீழே ஊர். ஓடும் தகரமும் தென்னையும் சர்ச் கோபுரமும் பள்ளிவாசல் மினாரும் சினிமா தியேட்டர் கூரையும், எல்லாம் கையால் அள்ளிக் கொட்டியது மாதிரி, ஓரமெல்லாம் தோப்பு. எங்கோ குக்கர் விசில், எங்கோ கல்யாண மண்டபத்து நாதஸ்வரம், எல்லாம் சிறிசாகி மேலே வருகிறது. இந்த ஊரில் எத்தனை பேருடைய சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எனக்குத் தெரியும். ஜன்னல் கம்பிக்கு வெளியே நீளுகிற கைகளைத்தான் பார்க்கிறேன். ஏலக்காய் ஆய்ந்து நுனி பச்சையான விரல்கள், மருதாணி போட்ட விரல்கள், நடுங்குகிற விரல்கள். அவர்களும் என் கைகளைத்தான் பார்க்கிறார்கள், காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டப்புறம். இந்தக் கூரைகளுக்குக் கீழே அந்தக் கைகள் எல்லாம் இப்போது என்ன செய்துகொண்டிருக்கும் என்று நினைத்தபோது ஊர் முழுக்க எனக்குச் சொந்தம் மாதிரியும், ஒரு வீட்டுக்குக்கூட நான் போக முடியாத மாதிரியும் ஒரே சமயத்தில் இருந்தது. இத்தனை அழகை வைத்துக்கொண்டு பயப்படுகிறேனே. தாரிணி வராவிட்டால் இந்த மலை இப்படியே இருக்குமா? இருக்கும். அதற்கென்ன, அது இருக்கும். எனக்கு இப்படித் தெரியுமா என்பதுதான். எடுத்த படத்தில் கோயில் படியில் உட்கார்ந்து முறுக்கு தின்கிற ஒரு குடும்பம் இருந்தது. அழித்துவிட்டு, அவர்கள் போன பிறகு வேறு எடுத்தேன்.

போதும்தானே, வீட்டுக்குப் போகலாமா என்று கௌமாரி கேட்டாள். மாமியாருக்குச் சோறு வடிக்க வேண்டும் அவளுக்கு. அப்போதுதான் எதிரே மலைச்சரிவில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு கண்ணில் பட்டது. அது என்ன என்றேன். புலியூத்து, மழை பெய்தால் மட்டும் விழும், போடிமெட்டுக்குப் போகிற மலைப்பாதையிலிருந்து நன்றாகத் தெரியும் என்றாள். கூட்டிப் போகிறாயா என்று கேட்டேன். என் முகத்தில் என்ன பார்த்தாளோ, சோறு கிடக்கட்டும் என்று வண்டியைத் திருப்பினாள். அடிவாரத்து முந்தலில் சமதரை முடிந்தது, சாலை மலைமேல் ஏறத் தொடங்கியது. முதல் வளைவிலேயே போனில் டவர் ஒரு கோடு குறைந்தது. அடுத்த வளைவில் இல்லவே இல்லை. மத்தியானத்துக்குள் என்று சொன்னாளே. இப்போது கூப்பிட்டால்? தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் அவளிடம் சொல்லுவாள். நான்தான் வெளியே. திரும்பச் சொல்லலாமா? வாயைத் திறந்தேன், அதற்குள் வண்டி ஒரு வளைவைச் சுற்றிவிட்டது, இடதுபக்கம் பூமி இல்லை. பள்ளத்தாக்கு திறந்து கிடக்கிறது. எதிர்மலையில் அருவி, இப்போது நூல் இல்லை, பாறையில் விரித்துப் போட்ட வேட்டி, காற்று அதைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது, சத்தம் மட்டும் கொஞ்சம் பிந்தி வந்து சேர்கிறது. திரும்பச் சொல்ல மறந்துபோனேன். இதுதான் உண்மை, என் பெண்ணின் போன் வரும் என்பதை அந்த அருவிக்கு முன்னால் கொஞ்ச நேரம் மறந்துபோனேன். ஞாபகம் வந்து போனைப் பார்த்தேன், இன்னும் ஒரு கோடுகூட இல்லை. அதற்குள் தோட்டத்து ஜீப் ஒன்று வேலைக்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு உரசுவது மாதிரி கடந்து போனது, உள்ளேயிருந்து யாரோ கையசைத்தார்கள், கௌமாரி ஹாரன் அடித்தாள். இன்னும் மேலே, இன்னும் மேலே. காற்று குளிர்ந்துவிட்டது, எலுமிச்சம்புல் வாசனை வருகிறது. மேகம் இங்கே தலைக்கு மேலே இல்லை, பக்கத்தில் இருக்கிறது, சாலையோரத் தடுப்புச் சுவரில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். கீழே பார்த்தேன். ஊர் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது, அவ்வளவு பச்சை. போனைத் தூக்கினேன், தூக்கியதும் டவர் திரும்பி வந்து அது என் கைக்குள்ளேயே அதிர்ந்தது. தவறிய அழைப்பு, மறுபடி தவறிய அழைப்பு, உடனே அவளே.

"எங்கம்மா போன? அடிச்சிட்டே இருக்கேன்."

"மலைல இருக்கேன் கண்ணு. டவர் இல்ல."

படமெல்லாம் பார்த்துவிட்டாளாம். அப்பாவுக்கும் காட்டினாளாம், அப்பா தண்டவாளப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாராம், யார் எடுத்தது, செண்பகமா என்று கேட்டாராம். ஆறு சூப்பராக இருக்கிறதாம், கொக்கு படத்தைத் தன் போனில் வைத்துக்கொண்டாளாம். அங்கே பின்னால் மிக்சி ஓடி நின்றது கேட்டது.

"ம்மா. ஒரு படத்துலகூட ஆளே இல்லம்மா. அங்க உனக்கு யாரு இருக்கா?"

காத்திருந்து காத்திருந்து நகர்த்தினேன், வெட்டினேன், அழித்தேன் என்றா சொல்வது? நான் ஊரைக் காட்டிக்கொண்டிருந்தேன், அவள் என்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். மலையையும் ஆற்றையும் பெரிது பண்ணிப் பண்ணிப் பார்த்து, இந்த அம்மா யாரோடு சாப்பிடுகிறாள், காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைப்பார்கள் என்று. அவள்தான் பேசினாள், அவள் சின்ன வயதில் பென்சில் டப்பா வேண்டும் என்று கேட்கிற குரலில்.

"நான் இங்கயே படிக்கட்டாம்மா? ஸ்கூலு, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இங்கதான். லீவு விட்டா உடனே வந்துடுவேன். நேரா ட்ரெயின் இருக்காம். ஆனா நீ தனியா இருப்பன்னா சொல்லு. வந்துடறேன்."

வந்துடு என்று சொன்னால் வந்துவிடுவாள். அது எனக்குத் தெரிந்தது. ஒரே சொல். அதைச் சொல்லிவிடுகிற தூரத்தில் நாக்கு இருந்தது. இத்தனை மலையையும் அவளுக்கு முன்னால் கொண்டுபோய்க் கொட்டினேன், அவள் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அம்மா தனியாக இருக்கிறாளா என்ற ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு கேட்கிறாள். என் வயிற்றில் பிறந்ததா இது. இந்தப் பள்ளத்தாக்கில் இதைவிட அழகாக எதை எடுத்துவிட்டேன் நான். மேகம் தடுப்புச் சுவரைத் தாண்டி என் கைமேல் வந்தது, ஈரமாக, கனமே இல்லாமல். "அங்கயே படி," என்றேன். ஜன்னலில் மாத்திரை கொடுக்கிற குரல்தான் வந்தது, அந்தக் குரல் உடையாது. "நல்லாப் படி. நான் தனியா இல்ல."

நம்பவில்லை அவள். யாரோடு வந்திருக்கிறாய், யார் வண்டி ஓட்டுவது என்று கேட்டாள். கீழ்வீட்டு கௌமாரி என்றேன். கொடு அவங்ககிட்ட என்றாள், போலீஸ் மாதிரி. கொடுத்தேன். கௌமாரி முதலில் வெட்கப்பட்டு, பிறகு போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு பேசினாள். "பாப்பா, அக்கா எங்க வீட்டு மாடியிலதான இருக்காங்க. முக்காவாசி நாளு ராத்திரிச் சாப்பாடு எங்ககூடத்தான். எங்கத்தை உங்கம்மா இல்லாம நாடகமே பாக்காது. நீ லீவுக்கு வா, உனக்கு மாங்கா பறிச்சுத் தாரேன்." அதில் முக்கால்வாசி பொய். நான் ஒருநாள் இரண்டுநாள் சாப்பிட்டிருக்கிறேன், நாடகம் பார்க்க அவள் மாமியார் கூப்பிடுவார், நான்தான் தலைவலி என்று மேலே போய்விடுவேன். கௌமாரி சொல்லச் சொல்ல அது நடக்காத விஷயமாகத் தோன்றவில்லை, நான் போகாமல் விட்ட விஷயமாகத்தான் தோன்றியது. போனை வாங்கியபோது தாரிணி சிரித்துக்கொண்டிருந்தாள். வைக்கிறேன் என்றாள், வைத்துவிட்டாள்.

கௌமாரி இவ்வளவும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள், மகளைக் கூட்டிக்கொள்ளத்தான் இந்தச் சுற்று என்று புரிந்திருக்கும். கொஞ்ச நேரம் ஸ்கூட்டர் கண்ணாடியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "எறங்கிருவமாக்கா?" என்றாள். அவள் சோறு வடிக்கவில்லை. எனக்கும் இனிமேல் எடுக்க வேண்டிய படம் எதுவும் இல்லை, அனுப்ப வேண்டிய ஆள் முடிவு சொல்லியாயிற்று. இறங்குவதுதான் சரி. "மேல போலாம்," என்றேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. மீதி வளைவுகளில் நான் எதையும் எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் வந்தேன். பாறையில் கசிகிற தண்ணீர், பாசி, ஓரத்தில் யாரும் நடாமல் பூத்திருக்கிற ஊதாப் பூ, குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு சுவரில் நடக்கிற குரங்கு. மகள் வரமாட்டாள் என்று தெரிந்த பிறகும் இது எல்லாம் அப்படியே, ஒரு மாற்றுக் குறையாமல், நெஞ்சை அடைக்கிற மாதிரியே இருந்தது. அது எனக்கு ஆறுதலாக இருந்ததா, கோபமாக இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான். போடிமெட்டில் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் வெள்ளை. வெள்ளைக்குள்ளிருந்து ஒரு டீக்கடை வந்தது. கடைக்காரப் பெண் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, மருந்து குடுக்குறவுகதான என்றாள். மாதாமாதம் சர்க்கரை மாத்திரைக்கு இறங்கி வருகிறவளாம். எனக்கு முகம் ஞாபகம் இல்லை. டீ டம்ளரை நீட்டியபோது அந்தக் கை தெரிந்தது, கட்டைவிரலில் பழைய தீக்காயத் தழும்பு. அந்தக் கையைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை, டீ விரலில் சிந்தியது. அந்தப் பெண் பதறி என்னவென்று கௌமாரியிடம் கேட்டாள். கௌமாரி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டே, "அவுகளுக்குக் குளிரு ஒத்துக்கல," என்றாள். கடைக்காரப் பெண் உள்ளே போய் ஒரு பழைய சால்வையைக் கொண்டுவந்து என் தோளில் போட்டாள். ஏலக்காயும் விறகுப் புகையும் கலந்த வாசனை அதில்.

அழுது முடித்துத் தலையைத் தூக்கினபோது வெள்ளை கிழிந்துகொண்டிருந்தது. காற்று எங்கிருந்தோ வந்து ஒரு பக்கமாகத் தள்ள, ஜன்னல் திறந்தது மாதிரி கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெயிலில் கிடந்தது. மேகத்தின் நிழல்கள் தோப்புகள் மேல் மாடு மேய்கிற வேகத்தில் நகர்ந்தன. ஆறு ஒரு வளைவில் மட்டும் மின்னியது. தூரத்தில் இன்னும் எத்தனையோ ஊர், கண்மாய், அதற்கும் அப்பால் வெளுத்துப்போன சமவெளி. கௌமாரி டம்ளரை வைத்துவிட்டு ஓரத்துக்குப் போய் நின்றாள். வாய் திறந்தபடி நின்றாள். "ஏங்க்கா, இம்புட்டு அழகாவா இருக்கு நம்ம ஊரு," என்றாள், யாரோ தன்னை இத்தனை நாள் ஏமாற்றிவிட்ட மாதிரி. பிறகு அவளுக்கு அவசரம் வந்துவிட்டது. கையை நீட்டி நீட்டித் தேடினாள், கோயில் மலை எங்கே, தியேட்டர் எங்கே, அதற்கு இங்கிட்டு, அந்தத் தென்னைக்குப் பக்கத்துல, அந்தா தெரியுதா, நம்ம வீடு. நான் சால்வையைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்று போனைத் தூக்கினேன். அவள் கை படத்துக்குக் குறுக்கே நீண்டிருந்தது, கண்ணாடி வளையல்கள் முழங்கைக்குச் சரிந்திருந்தன. தள்ளிக்க என்று சொல்லவில்லை. அந்த விரல் போன திசையில் ஓடும் தகரமும் தென்னையும் கலந்த ஒரு திட்டுதான் இருந்தது, வீடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. "ஆமா, தெரியுது," என்று சொல்லிவிட்டு அமுக்கினேன்.